அட்டாலியில் எலி என்று வீடியோ காட்டிப் பணம் பறிக்கிறார்கள், விட்டுவிடாதீர்கள்

கோபி, சத்தி, பவானி பக்கம் தோட்டத்து ஓட்டு வீட்டில் இருக்கிறவர்கள், முக்கியமாக வயசானவர்களைத் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் வேலைக்கு இருக்கிறவர்கள், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். வேனில் ஊர் ஊராக வந்து "மேல என்ன இருக்குதுன்னு கேமரா வச்சே காட்டிடறமுங்க, அப்பறம் மருந்து வச்சுக்கலாமுங்க" என்று பேசுகிற ஒரு கூட்டம் எங்கள் அம்மிச்சியிடம் (அம்மாவின் அம்மா) 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. பார்க்க வந்ததற்கு 1,000, கேமரா இரண்டுக்கு 9,000, மருந்துக்கு முன்பணம் 8,000. பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, கம்பெனி முகவரியும் இல்லை.

வீட்டில் சத்தம் இருந்தது உண்மைதான். ராத்திரி ஊர் அடங்கின பிறகு ஓட்டுக்கடியில் ஏதோ கனமாக நடக்கும், அட்டாலிப் பலகை (கூரைக்கு அடியில் சாமான் போடுகிற பரண்) கிறீச்சிடும், அம்மிச்சிக்குத் தூக்கமே கிடையாது. அந்த நேரம் பார்த்து இவர்கள் வந்திருக்கிறார்கள். மேலே ஒரு கேமரா வைத்தார்கள், "எலி கீழ எறங்குதான்னு பாக்கோணும்" என்று சொல்லி ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், இன்னொன்று வைத்தார்கள். மறுநாளே போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "பாருங்க அம்மிச்சி, கூட்டம் கூட்டமா எலி, வயரக் கடிச்சா வீடே பத்திக்கும்" என்று பயமுறுத்தி முன்பணத்தை வாங்கிவிட்டு, அன்றைக்கே அட்டாலியில் மருந்தையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாக்கி 20,000 வேலை முடிந்ததும் தரவேண்டுமாம்.

நான் திருப்பூரிலிருந்து போனபோது அந்த வீடியோ அம்மிச்சியின் வாட்ஸப்பில் இருந்தது. எலிகள் ஓடுகிற இடத்துக்குப் பின்னால் சதுர இரும்புக் குழாயும் சிமென்ட் ஷீட்டும் தெரிகிறது. எங்கள் வீட்டுக் கூரை பனஞ்சட்டத்தில் மங்களூர் ஓடு வேய்ந்தது, ஓட்டின் அடிப்பக்கம் கம்பெனி முத்திரைகூட இன்றைக்கும் படிக்கிற மாதிரி இருக்கும். வீடியோவில் தேதி, நேரம் வருகிற மூலையை வெட்டி எடுத்திருந்தார்கள். எந்த ஊர்க் குடோனில் எடுத்ததோ, அதைத்தான் வீடு வீடாகக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அதைவிட என் வயிற்றைக் கலக்கியது கேமரா விஷயம். காசு கொடுத்து வாங்கின கேமராதானே, நம் போனில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், வேறு ஒருவரின் கணக்கில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று ஆப் மறுக்கிறது. ரீசெட் பட்டனை அழுத்தியும் அதே கதை. இந்த மாதிரி வைஃபை கேமராக்களில் பல, முதலில் யார் கணக்கில் பதிவாகிறதோ அவர்களுக்கே சொந்தமாகிவிடும், அவர்கள் தங்கள் ஆப்பிலிருந்து நீக்கினால்தான் இன்னொருவர் சேர்க்க முடியும். அப்படியென்றால் ஆசாரத்தில் அம்மிச்சி உட்கார்ந்திருப்பதும், எழுந்து போவதும், பீரோ இருக்கிற அறைக்கதவு திறப்பதும் முன்பின் தெரியாத ஒருவரின் போனில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தனியாக இருக்கிற வயசான பொம்பளை. இரண்டையும் அந்த நிமிஷமே பிடுங்கி, மோடத்தின் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன். அவர்களுக்குப் போன் போட்டால், "டெக்னிக்கல் டீம் பேசுவாங்க" என்று வைத்துவிட்டார்கள், அப்புறம் எடுக்கவே இல்லை.

மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். லேபிள் இல்லாத கவரில் நீலக் கட்டிகள். எலிக்கு வைக்கும் கட்டிகளில் பெரும்பாலும் புரோமாடியோலோன் மாதிரி ரத்தம் உறையாமல் செய்கிற மருந்து இருக்கும், தின்ற எலி உடனே சாகாது, சில நாள் திரிந்து சாகும். அந்த எலியைப் பிடித்துத் தின்கிற பூனைக்கும் ஆந்தைக்கும் அதுவே எமன். குழந்தை வாயில் வைத்துவிட்டால் என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் மாற்று மருந்து கொடுக்க முடியும், லேபிளே இல்லாவிட்டால் எதைச் சொல்வது? 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் எலி மருந்து வைத்ததில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காசு வாங்கிக்கொண்டு வீட்டில் மருந்து வைக்கிறவர்களுக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் இருக்கவேண்டும். வருகிறவர்களிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, மேலே நிஜமாகவே இருந்தது என்ன? கடையில் 2,000 ரூபாய்க்குள் ஒரு கேமரா வாங்கி, என் கணக்கில் பதிவு செய்து, மெமரி கார்டு போட்டு நானே ஏற்றினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டில் படமெடுக்கக் கேமரா விடுகிற இன்ஃப்ராரெட் வெளிச்சம் பக்கத்துப் பனஞ்சட்டத்தில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. தூசி பறந்தாலும் பூச்சி பறந்தாலும் அலர்ட் வருகிறது. ஒட்டடையை அடித்துவிட்டு, முன்னால் எந்தச் சட்டமும் மறைக்காதபடி ஓட்டுச் சந்துப் பக்கம் பார்த்து வைத்தபிறகுதான் தெளிவாக விழுந்தது. வாங்கப் போகிறவர்கள் 940 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் விளக்கு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், 850 என்றால் இருட்டில் லேசாகச் சிவப்பு தெரியும், மிருகம் சந்தேகப்படலாம்.

விழுந்தது மரநாய். நீண்ட வால், கறுத்த மூஞ்சி, கண் ரெண்டும் பளபளவென்று. ஓட்டின்மேல் சாய்ந்திருந்த தென்னை மட்டையைப் பிடித்து இறங்கி, கூரை முடிகிற இடத்துச் சந்து வழியாக உள்ளே போகிறது, பின்னாலேயே இரண்டு குட்டிகள். அம்மிச்சி பார்த்ததும் "எனக்கு அப்பவே தெரியும் கண்ணு, எலி இப்படியா நடக்கும்" என்றார். அட்டாலியில் கிடந்த எச்சத்தில் சப்போட்டாக் கொட்டை முழுசு முழுசாக இருந்தது. வீட்டு எலியின் புழுக்கை நெல்லை விடக் கொஞ்சம் பெரிசாக, நுனி கூராக இருக்கும், அதில் கொட்டை இருக்காது. பகலில் மட்டும் சத்தம் கேட்டால் அணிலாக இருக்க வாய்ப்பு அதிகம். எச்சத்தை ஒருமுறை பார்த்திருந்தால்கூட அந்த ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்துதான் சொல்லவில்லை என்பது என் எண்ணம், மரநாய் என்றால் மருந்து விற்க முடியாதே.

மரநாய் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற மிருகம். விஷம் வைத்தாலோ கூண்டு வைத்துப் பிடித்தாலோ வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்ளலாம். கையுறை போட்டு அந்தக் கட்டிகளை எடுத்து, கவரோடு தனியாக வைத்திருக்கிறேன், புகாருக்கு வேண்டும். பக்கத்துத் தோட்டத்து மாமா "அந்தச் சந்து வழிய இப்பவே அடைச்சிருங்க" என்றார், குட்டி உள்ளே இருக்கும்போது அடைத்தால் அங்கேயே செத்து நாறும், தாய் ஓட்டைப் பிரித்துக்கொண்டு வரும் என்று எடுத்துச் சொன்னேன். குட்டிகளும் தாயோடு போய், கேமராவில் தொடர்ந்து பல ராத்திரி எதுவும் வராததைப் பார்த்த பிறகுதான் மட்டைகளை வெட்டிவிட்டுச் சந்துக்கு இரும்பு வலை அடித்தோம். அம்மிச்சி இப்போது தூங்குகிறார்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பதிவு செய்தாகிவிட்டது, வாட்ஸப் வீடியோ, துண்டுச்சீட்டு, ஜிபே அனுப்பின ரசீது, கேமரா மறுத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை, ஈரோடு நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போவதாக இருக்கிறேன். சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் எலிகள் ஓடுகிற அதே வீடியோ உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள், எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.