செஞ்சிக் கோட்டைக்குக் குடும்பத்தோடு

பிரிட்டனில், வேல்ஸின் கார்டிஃப் பக்கம் வளரும் பிள்ளைகளுக்குக் கோட்டை ஒன்றும் புதிதில்லை. கேர்ஃபிலிக் கோட்டைக்குப் பள்ளியிலிருந்தே கூட்டிப்போய்விடுவார்கள். அகழியில் வாத்து நீந்தும், வாசலில் மரவாள் விற்பார்கள். அதனால் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் இறங்கி, "செஞ்சிக்குப் போகலாம்" என்று நான் ஆரம்பித்ததும் மகன் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே கடை இருக்குமா?" என்பதுதான். இருக்காது. ஊருக்குப் போய்க் குடும்பத்தோடு கிளம்பப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். நுழைவுச்சீட்டு வாங்கும் வாசலோடு வசதிகள் ஏறக்குறைய முடிந்துவிடும். மற்றதெல்லாம் நீங்கள் கையோடு கொண்டுபோவதுதான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர்களின் 12 கோட்டைகள் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் "பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான். திருவண்ணாமலை பஸ் எதில் ஏறினாலும் செஞ்சியில் இறங்கலாம். அம்மாவின் முழங்காலுக்காக நாங்கள் கார் எடுத்தோம்.

அந்தக் காரைப் பற்றி இரண்டு வார்த்தை. போனில் ஒரு வாடகை சொன்னார்கள். திரும்பி வந்து இறங்கும்போது டிரைவர் பேட்டா தனி, ஏசி போட்டது தனி என்று கணக்கு வளர்ந்தது. ஓட்டிவந்த தம்பி நல்ல பிள்ளை, அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? பேட்டா, ஏசி, பார்க்கிங் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் பேச்சில் வெளிநாட்டு வாசனை கொஞ்சம் அடித்தாலே ஒரு தனி விலைப்பட்டியல் வந்துவிடுகிறது.

நுழைவுச்சீட்டில் எங்களுக்குக் குறையே இல்லை. இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300. எனக்கும் கணவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருப்பவர்களிடம் இந்தியர்களுக்கான கட்டணமே வாங்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் உள்துறை அமைச்சகம் அறிவித்துவிட்டது. அட்டையைக் காட்டினோம், மறுபேச்சு இல்லாமல் 25 ரூபாய்ச் சீட்டைக் கொடுத்தார்கள். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, "நானும் இந்த ஊர்தான்" என்று சொன்னால் செல்லாது. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டுக்காரர்கள் என்ற முறையில் அதே 25தான். பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது, வயதைக் காட்டும் ஏதாவது ஒரு அட்டை கையில் இருந்தால் நல்லது.

பணம் கொடுப்பது இன்னொரு விஷயம். இளநீர்க்காரர் வரை எல்லோரும் யுபிஐதான். நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், "சில்லறை இல்லையேம்மா" என்கிறார்கள். பிரிட்டன், கனடா, சிங்கப்பூர் மாதிரி சில நாடுகளின் போன் எண்ணிலேயே, வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கை இணைத்து யுபிஐ பயன்படுத்த வழி இருக்கிறது. உங்கள் வங்கி அதை அனுமதிக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பத்தும் இருபதுமாக நோட்டு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோட்டைக்கு வருவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், அவற்றை வளைத்துப் பல கிலோமீட்டருக்குச் சுற்றுமதில். ராஜகிரியை ஊர்க்காரர்கள் ராஜா கோட்டை என்பார்கள், கிருஷ்ணகிரியை ராணிக் கோட்டை என்பார்கள். நடுவில் திருவண்ணாமலைச் சாலை போகிறது. ராஜகிரி உச்சிக்கு ஏறாதவன் செஞ்சியைப் பார்த்ததாகவே கணக்கில்லை என்று பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டியும் பிள்ளைகளுமாகப் போகிறவர்களுக்கு அடிவாரமே ஒரு நாளைக்குப் போதும், பாதிப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலைப் படியை நோக்கி ஓடுகிறார்கள்.

கல்யாண மஹால் அங்கேதான் இருக்கிறது. நடுவில் குளம், மேலே மாடத்துக்கு மேல் மாடமாக ஏறிப்போகும் கோபுரம். சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். குதிரை லாயம் என்று சொல்லும் அறை வரிசை, யானைக்குளம், உடற்பயிற்சிக்கூடம், அப்புறம் அந்த நெற்களஞ்சியம். அம்மா மலையை அண்ணாந்து பார்த்தபடி தயங்கி நின்றபோது காவலாளி ஒருவர் வந்து, "ஏம்மா, பெரியம்மாவ ஏத்தாதீங்க. களஞ்சியத்துல உக்கார வையுங்க, குளுகுளுன்னு இருக்கும்" என்றார். உண்மைதான். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்த, உள்ளே அடித்துப்போட்டாற்போல் தூங்கலாம். சுவர் அவ்வளவு தடிமன். அன்று கிடைத்ததிலேயே சிறந்த சேவை என்றால் அந்த மனிதர் சொன்ன அந்த ஒரு வரிதான்.

அம்மா அங்கே உட்கார்ந்து பேரனுக்குத் தேசிங்குராஜன் கதை சொல்லத் தொடங்கினார். பாராசாரிக் குதிரை, நண்பன் மோவுத்துக்காரன், ஆர்க்காட்டு நவாபின் படை என்று தெருக்கூத்தில் கேட்டது அத்தனையும் அவருக்கு நினைவிருக்கிறது. சரித்திரத்தில் இந்தத் தேசிங்கு, அதாவது தேஜ்சிங், செஞ்சியை ஆண்டது சில மாதங்கள்தான், 1714இல் போரில் இறந்துவிட்டான். அதே இடத்தில் சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயப் படையைப் பல ஆண்டுகள் காக்க வைத்து, 1698இல் கோட்டை விழுவதற்குள் தப்பியும் போயிருக்கிறான். ஆனால் பாட்டு அவனுக்குக் கிடைக்கவில்லை, அந்தச் சில மாத ராஜாவுக்குத்தான் கிடைத்தது. மகன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடையைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

நானும் மகளும் ராஜகிரி ஏறினோம். அடிவாரத்திலிருந்து உச்சி சுமார் 800 அடி, படிகள் ஆயிரத்துக்கு மேல். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். வழியில் விற்பவர் யாரும் இல்லை, கழிப்பறையும் கீழேதான். பிளாஸ்டிக் பை கையில் தெரிந்தால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும், மகளின் பிஸ்கட் பாக்கெட் முதல் வளைவிலேயே போனது. எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிடுங்கள். பிற்பகலில் மேலே ஏற விடமாட்டார்கள், காலை ஒன்பதுக்கே போய்விடுவது நல்லது.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான பள்ளமாகக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் முடிந்தது கதை, எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். கேர்ஃபிலியில் இதே வேலைக்கு ஏரி அளவுக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள், இங்கே மலையே செய்து கொடுத்துவிட்டது. மேலே ரங்கநாதர் கோயில், ஒரு பீரங்கி, காற்று. மகள் பேசாமல் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். எனக்கு முட்டி நடுங்கியது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. செருப்பு போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்.

இறங்கி வந்து வேங்கடரமணர் கோயிலையும் பார்த்தோம். கோபுர வாசலில் ராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன. இங்கிருந்த தூண்களில் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் போய்விட்டார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். அடுத்த வாரம் புதுச்சேரிக்குப் போவதாக இருந்தால் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், தேடிப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டுக்குச் செஞ்சி ஊருக்குள் வந்தோம். பஸ் நிலையம் பக்கம் வாழையிலைச் சாப்பாடு போடும் கடைகள் இருக்கின்றன. இரண்டு மணிக்குள் போனால் எல்லாம் கிடைக்கும், மூன்றுக்குப் போனால் ரசமும் மோரும்தான். ராணிக் கோட்டையை விட்டுவிட்டு வந்தோம், அம்மாவுக்கு அதில் வருத்தம். "மார்கழியில வாங்க, நானே ஏறிக் காட்டுறேன்" என்கிறார். முழங்கால் என்ன சொல்லும் என்று தெரியவில்லை, டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.

இன்னொன்று. செஞ்சியையும் திருவண்ணாமலையையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், அதுவும் பௌர்ணமி அன்று வேண்டவே வேண்டாம். சென்னையிலிருந்து கிரிவலத்துக்குப் போகும் கூட்டத்தில் பெரும்பகுதி இந்தச் சாலையில்தான் வரும். கார் நகராது, பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது.