வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் கவனம்: ‘மனத்துணை’ பேக்கேஜ் என்று ₹18,500 பிடுங்கிவிட்டார்கள்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவை நேற்றுதான் டிஸ்சார்ஜ் செய்து குடியாத்தத்துக்குக் கூட்டி வந்தோம். அந்த நிறுவனத்தின் பெயரைப் போடாதே என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்புகிறோம், மனதையும் பார்த்துக்கொள்கிறோம் என்று போனில் ஆப் வைத்து நடத்துகிறார்களே, அந்த வகையறா. ஆஸ்பத்திரிக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. நீங்கள் என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், அதுவரை படியுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, வேலூரில் ஆபரேஷன். பெண்கள் வார்டில் இரவு ஆண்கள் தங்க முடியாது. என் மனைவிக்குக் கைக்குழந்தை, தங்கை ஓசூரில், நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. இரவுக்கு ஒரு பெண் துணை வேண்டும், அவ்வளவுதான் எங்கள் தேவை. வேலூரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வங்காளம், அசாம், பங்களாதேஷ் வரை இருந்து வைத்தியத்துக்கு வருகிற ஊர் இது, காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டே வங்காளியில் இருக்கும். வெளியூர்க்காரன் எதற்கெல்லாம் தவிப்பானோ அதற்கெல்லாம் ஒரு வியாபாரம் உண்டு, ரூம், சாப்பாடு, ஆட்டோ, பேச்சுக்கு மொழிபெயர்க்க ஆள். இப்போது மனசுக்கும் பேக்கேஜ் வந்துவிட்டது.

மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் ஆப்பைப் போட்டேன். பத்து இரவுக்குப் பயிற்சி பெற்ற பெண் துணை, ஒரே ஆள், மாற்ற மாட்டோம். தினமும் அரை மணி நேரம் கவுன்சலர் நேரில் வந்து பேசுவார். இரவு போட்டோவுடன் ரிப்போர்ட். மொத்தம் ₹18,500, முழுவதும் முன்பணம். யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு பெண் போன் செய்தார், அந்தக் குரலில்தான் பணம் போனது.

விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. ‘அம்மாவ வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்கண்ணா, என்ன வேலை செஞ்சவங்க, ராத்திரில எதுக்காவது பயப்படுவாங்களா, கண்ணாடி, காது மிஷின் ஏதாவது உண்டா’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா கல்யாணமான நாளிலிருந்து பீடி சுற்றியவர், காது மிஷின் இல்லாவிட்டால் பாதி கேட்காது, இருட்டு ஆகாது, சின்ன விளக்காவது எரிய வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். ‘எழுதிக்கிட்டேன்ணா, எங்க பொண்ணு அம்மாவத் தன் பாட்டி மாதிரி பாத்துக்கும்’ என்றார். இவ்வளவு விசாரித்து, எழுதிக்கொண்டு, பேர் கேட்டுப் பேசினால் யார்தான் நம்ப மாட்டார்கள்? வார்டு வாசலில் நின்றபடியே ஜிபேயில் ₹18,500 அனுப்பினேன்.

எழுதிக்கொண்டது எதுவும் வார்டுக்கு வந்து சேரவில்லை. ஒரே ஆள் என்றார்கள், ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வந்தவர்கள் யாருக்கும் அம்மாவின் பெயர்கூடத் தெரியாது. ஒரு பெண் வந்த உடனே கண்ணாடியையும் காது மிஷினையும் கழற்றி, உடைந்தால் யார் பொறுப்பு என்று டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு, இரவு முழுக்க ரீல்ஸ் பார்த்திருக்கிறாள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல், புது இடத்தில், ஆபரேஷன் வலியோடு ஒரு வயதானவர் இரவு முழுக்கக் கிடந்தால் என்ன ஆகும்?

காலையில் நான் போனபோது அம்மா என்னை யாரோ பீடிக் கம்பெனிக்காரன் என்று நினைத்தார். ‘கட்டு இன்னும் முடியல, சாயந்திரம் வா’ என்றார். போர்வையின் ஓரத்தை இரண்டு கையிலும் பிடித்துச் சுருட்டுகிறார், கட்டைவிரல் நகத்தால் நுனியை உள்ளே மடக்குகிறார், இல்லாத நூலைச் சுற்றி இழுத்து அறுக்கிறார், அதை மடியில் இல்லாத முறத்தில் போட்டுவிட்டு அடுத்தது. கையில் டிரிப்ஸ் ஊசி, அதையும் பிடுங்கப் பார்த்திருக்கிறார். துணைக்கு வந்த பெண், ஊசி போடச் சொல்லுவேன் என்று இரவில் மிரட்டியதைப் பக்கத்துப் படுக்கைக்காரர்தான் எங்களிடம் சொன்னார். மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து மகளோடு வந்திருக்கும் அம்மாள், தமிழ் வராது. ஊசி குத்துகிற மாதிரி கையால் காட்டி, அந்தப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் காட்டிச் சொன்னார். பாதி இரவில் எழுந்து வந்து என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவருடைய மகள்தான், காசு வாங்காமல்.

டாக்டர் இதற்கு டெலிரியம் என்று பேர் சொன்னார். பைத்தியம் இல்லை, மறதி நோயும் இல்லை, வயதானவர்களுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருகிற திடீர்க் குழப்பம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். கிருமித் தொற்று, உடம்பில் நீர் குறைவது, வலி, சில மருந்துகள், தூக்கம் கெடுவது என்று காரணம் பல இருக்கலாம் என்று ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். கூடவே அவர் முதலில் கேட்ட கேள்வி, ‘கண்ணாடி, காது மிஷின் எங்கே?’ இரண்டையும் போட்டுவிடுங்கள், பகலில் ஜன்னல் வெளிச்சம் படட்டும், கண்ணுக்கு நேராகக் கடிகாரம் இருக்கட்டும், இது எந்த ஊர், இன்று என்ன கிழமை என்று தெரிந்த குரல் சொல்லிக்கொண்டே இருக்கட்டும், இரவு தூங்க விடுங்கள், மிரட்டாதீர்கள் என்றார். இதில் எதற்காவது ₹18,500 ஆகுமா? தங்கை லீவு போட்டு வந்து உட்கார்ந்து இதைத்தான் செய்தாள். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

கவுன்சலர் கதை தனி. நேரில் வரவே இல்லை. துணைக்கு வந்த பெண்ணின் போனில் வீடியோ கால், யாரோ ஒருவர் ‘பாசிட்டிவ்வா இருங்கம்மா, நல்லதே நினைங்க’ என்று சொல்லி முடித்துவிட்டார். காது மிஷின் டிராயரில் இருக்கிறது, யாருக்குப் பேசினார்? அவர் படிப்பு என்ன, பதிவு எண் என்ன என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ரிப்போர்ட் அதைவிட மோசம். இரவு பதினொன்றுக்கு வந்த போட்டோவில் ஜன்னலில் வெயில் அடிக்கிறது, படுக்கையில் பச்சை விரிப்பு. எங்கள் வார்டில் எல்லாமே வெள்ளை விரிப்புதான். வேறு யாரோ ஒரு பாட்டி, கீழே ‘உங்கள் அன்புக்குரியவர் மகிழ்ச்சியாக இருக்கிறார்’ என்று பூப் படம் போட்டு எழுத்து.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஆரம்பித்தது ஆட்டம். அண்ணா அண்ணா என்று பேசிய பெண்ணின் நம்பர் போகவே இல்லை. ஆப்பில் எழுதினால் ‘உங்கள் உணர்வை மதிக்கிறோம்’ என்று தானாக ஒரு பதில். போனில் கிடைத்த ஒருவர் சீனியர் பேசுவார் என்றார். சீனியர் வந்து, வேலைக்கு வரும் பெண்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, பார்ட்னர்கள், அவர்கள் செய்ததற்கு நாங்கள் பொறுப்பாக முடியாது என்றார். அப்படியானால் என் ₹18,500 ஏன் உங்கள் கணக்குக்கு வந்தது என்று கேட்டேன், லைன் கட். அடுத்தவர், ‘வயசானவங்களுக்கு இப்படி ஆகறது சகஜம் சார், சேவை கொடுத்தாச்சு’ என்றார். கடைசியாக வந்த மெசேஜைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்: நல்லெண்ண அடிப்படையில் ₹2,000 கூப்பன் தருகிறார்களாம், நோயாளி அடுத்த முறை அட்மிட் ஆகும்போது பயன்படுத்திக்கொள்ளலாமாம். அடுத்த முறை! என் அம்மா மறுபடி விழ வேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், அம்மாவுக்கு மருந்து நேரம் ஆகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், ஒரு இரவுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், வெளியில் ஆள் தேடும் முன் அவரிடம் கேளுங்கள். எங்களுக்கு 14416 நம்பரைச் சொன்னதும் அவர்தான். மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் என்கிற மனநல ஹெல்ப்லைன், இலவசம், இரவிலும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம், பயந்து போயிருக்கும் வீட்டுக்காரர்களும் பேசலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். புகாருக்கு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் கொடுத்துவிட்டேன், எண் வந்திருக்கிறது. அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் கொடுத்த பணம் ₹5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. கூப்பன் கொடுத்தால் ‘ஏற்கிறேன்’ பட்டனை அழுத்திவிடாதீர்கள், அழுத்தினால் புகார் முடிந்தது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் அழுத்தவில்லை, ₹18,500 வந்தால் இங்கேயே சொல்கிறேன்.