ஷாம்பெய்ன் வகைகள்: எதை எதற்குத் தேர்ந்தெடுக்கலாம்?

ஷாம்பெய்ன் வாங்குபவர்களில் பலர் நிறுவனத்தின் பெயரைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், லேபிளில் உள்ள இனிப்பு வகையைத்தான் முதலில் படிக்க வேண்டும். நாக்குக்கு உடனே தெரிவது அதுதான். ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. எக்ஸ்ட்ரா ப்ரூட்டில் 6 கிராம் வரை. ப்ரூட் நேச்சரில் சர்க்கரை சேர்ப்பதே இல்லை. குழப்பமெல்லாம் எக்ஸ்ட்ரா ட்ரையில்தான்: ‘ட்ரை’ என்றால் இனிப்பில்லாதது என்று பொருள், ஆனால் இதில் 12 முதல் 17 கிராம், அதாவது ப்ரூட்டைவிட இனிப்பு. டெமி செக் 32 முதல் 50 கிராம். கேக்கோடு ப்ரூட் குடித்தால் புளிப்புதான் மிஞ்சும். அங்கே டெமி செக்கை விட்டால் வேறு வழியில்லை.

அடுத்தது திராட்சை. வெள்ளைத் திராட்சையான ஷார்டனே, கருந்திராட்சைகளான பினோ நுவார், மூனியே, இம்மூன்றின் கலவைதான் பெரும்பாலான ஷாம்பெய்ன். கருந்திராட்சையிலும் சாறு நிறமற்றதே. தோல் ஊறாமல் மெதுவாகப் பிழிந்தால் வெள்ளை ஒயின் கிடைத்துவிடும். அப்படிக் கருந்திராட்சையில் மட்டும் செய்வது பிளான் த நுவார். செம்பழ வாசனையும் கனமும் கூடியது, சாப்பாட்டோடு தாக்குப்பிடிக்கும். வெள்ளைத் திராட்சையில் மட்டும் செய்வது பிளான் த பிளான். பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில், எபர்னே நகருக்குத் தெற்கே உள்ள கோத் தே பிளான் வட்டாரத்தின் சுண்ணாம்பு மண்ணில் விளையும் ஷார்டனேதான் இதன் உச்சம். இளமையில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள். வருடங்கள் போகப் போக வறுத்த ரொட்டி, பருப்புக் கொட்டை வாசனை. இந்த மாற்றத்துக்காகவே என் ஓட்டு இதற்கு.

இளஞ்சிவப்பு ஷாம்பெய்னான ரோஸே பெரும்பாலும் வெள்ளை ஒயினில் கொஞ்சம் சிவப்பு ஒயின் கலந்து செய்யப்படுகிறது. கருந்திராட்சைத் தோலைச் சாற்றில் ஊறவைத்துச் செய்வதில் நிறமும் வாயில் உணரும் பிடிப்பும் அதிகம்.

லேபிளில் அறுவடை ஆண்டு போட்டதா, போடாததா என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும். ஆண்டு போடாதது பல வருட ஒயின்களின் கலவை. பாட்டிலில் குறைந்தது 15 மாதம், அதில் 12 மாதமாவது ஈஸ்ட் மண்டியோடு (நொதித்தபின் பாட்டிலில் தங்கும் ஈஸ்ட் படிவு) இருக்க வேண்டும். எந்த வருடம் வாங்கினாலும் ஒரே சுவை தருவது அதன் பலம். ஆண்டு போட்டதற்குக் குறைந்தது 3 வருடம். அந்த ஒரு வருட வெயிலும் மழையும் அதில் தெரியும். விலையும் கூடும். வாங்கிய கையோடு திறக்கப்போகிறீர்கள் என்றால் ஆண்டு போடாததே போதும். கூடுதல் பணம் கொடுத்து ஆண்டு போட்டதை எடுத்தால் இன்னும் சில வருடம் பொறுங்கள். திறக்கும்போது அதை உறையக் குளிர்விக்காமல், அகன்ற ஒயின் கிளாஸில் ஊற்றுங்கள்.