மணலுக்கு எது பலம்: நெய்த துணியா, நெய்யாத துணியா, கிரிட்டா, நாரா?

உலர்ந்த மணலுக்கு ஒட்டும் குணம் கிடையாது. அதன் நறுக்கு வலிமை, அதாவது மண் ஒரு தளத்தில் நழுவாமல் தாங்கும் திறன், முழுக்க உராய்வை நம்பியே நிற்கிறது. பாரம் ஏறும்போது மணல் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். இடையே விரித்த ஜியோடெக்ஸ்டைல், அதாவது மண்ணுக்குள் வைக்கும் செயற்கை இழைத் துணி, அதை இழுத்துப் பிடிக்கும். வலிமை கூடுவது இந்தப் பிடியால்தான்.

எவ்வளவு கூடும்? உராய்வுக் கோணம் (மணலின் உராய்வைக் காட்டும் அளவு) 35 பாகை உள்ள மணலில், ஒரு மீட்டர் அகலத்துக்கு 20 கிலோநியூட்டன் தாங்கும் துணியை அரை மீட்டர் இடைவெளியில் அடுக்கடுக்காக விரிப்பதாக வைத்துக்கொள்வோம். 20-ஐ 0.5-ஆல் வகுத்தால் 40. அதாவது 40 கிலோபாஸ்கல் பக்க அழுத்தம் கூடுதலாகக் கிடைத்ததற்குச் சமம். கொஹிஷனாக, அதாவது ஒட்டும் வலிமையாக, மாற்றினால் ஏறத்தாழ 38 கிலோபாஸ்கல். ஒட்டவே ஒட்டாத மணலுக்கு இது பெரிய வரவு.

ஆனால் துணி அறுந்துபோகும் அளவுக்கு இழுபட்டால்தான் இந்த எண் முழுதாகக் கிடைக்கும். ஆழம் குறைந்த இடத்தில் மேலே பாரம் போதாது. துணி அறுவதற்கு முன்பே மணலுக்குள் வழுக்கிவிடும். அங்கே பலத்தை முடிவு செய்வது துணியின் பிடிப்பு. அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் இழுவிசைக்கு வேலை வருகிறது. ரோலில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நெய்யாத துணி, அதாவது ஊசி குத்திய வகை, மணலை நன்றாகக் கவ்வும், நீரையும் வடியவிடும். குறை அதன் நீட்சி. அறுவதற்குள் 50 சதவீதத்துக்கு மேல்கூட நீளும். மண்ணுக்குள் அழுந்தியிருக்கும்போது கொஞ்சம் விறைக்கும் என்றாலும், சுவர் முகப்பு நகரக் கூடாத இடத்தில் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. நெய்த துணி குறைந்த நீட்சியிலேயே விசையை ஏற்கும். அதிலும் பட்டை இழையில் நெய்த வழவழப்பான ரகத்தில் பிடிப்பு குறைவு, அதைக் கவனித்து வாங்க வேண்டும். ஜியோகிரிட் என்பது பெரிய கண்கள் கொண்ட விறைப்பான வலை. அதன் கண்களுக்குள் ஜல்லி பூட்டிக்கொள்ளும். நுண்மணல் அப்படிப் பூட்டாது, ஊடே புகுந்து மணலோடு மணலாக உரசும். ஆகவே வெறும் மணலுக்கு நல்ல நெய்த துணியைவிட அதிக விலை கொடுத்து கிரிட் வாங்க வலுவான காரணம் வேண்டும்.

துணி அடுக்கையும் மணலில் கலந்த துண்டு நார்களையும் கிரே, அல்-ரெஃபியாய் என்ற ஆய்வாளர்கள் டிரையாக்சியல் சோதனையில் (மண் உருளையைச் சுற்றிலும் அழுத்தி, மேலிருந்து நசுக்கும் சோதனை) ஒப்பிட்டு 1986-இல் வெளியிட்டார்கள். இரண்டுமே வலிமையைக் கூட்டின, உச்சத்துக்குப் பிறகு வரும் சரிவையும் பெரும்பாலும் குறைத்தன. ஆனால் 1 சதவீதத்துக்கும் குறைவான திரிபில் (மாதிரி நசுங்கிய அளவில்), துணி வைத்த மாதிரி விறைப்பை இழந்தது. நார் கலந்ததில் அது நடக்கவில்லை. துணி மாதிரி அடுக்குகளுக்கு நடுவே உப்பிப் போனது, நார் மாதிரி வழக்கமான சாய்தளத்தில் நழுவியது. அடுக்கையோ நாரையோ கூட்டிக்கொண்டே போனால் பலன் ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்பதும் அதில் தெரிந்தது.

அப்புறம், ஷியர் பாக்ஸ் (மண்ணை ஒரு தளத்தில் நழுவவிட்டு வலிமை அளக்கும் பெட்டி) எண்களைப் படிக்கும்போது துணி எப்படி வைக்கப்பட்டது என்று பாருங்கள். நழுவும் தளத்திலேயே படுக்க வைத்திருந்தால், அங்கே அளந்தது துணிக்கும் மணலுக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. அது வெறும் மணலைவிடக் குறைவாகவும் வரலாம். தளத்தைக் குறுக்கே வெட்டி, மணல் நீளும் திசையில் கிடக்கும் துணிதான் வலுவூட்டும்.

தடுப்புச் சுவருக்கும் உயரக் கரைக்கும் என் தேர்வு நெய்த பாலியெஸ்டர். பாலிபுரொப்பிலீன் நீடித்த பாரத்தில் அதிகமாக ஊர்ந்து நீளும். பாலியெஸ்டரைப் புதுக் கான்கிரீட்டின் காரத்தோடு ஒட்டவிடாமல் வைத்தால் சரி. நீர் ஊறும் நுண்மணலில், நெய்யாததை வடிகட்டியாகச் சேர்த்துக்கொள்ளலாம். துணியை ஊன்ற இடமில்லாத சரிவு ஒட்டுவேலைக்கு நார்க் கலவை. தென்னை நார் வலை சில வருடங்களில் மக்கிவிடும். புல் வேர் பிடிக்கும்வரை கரைச் சரிவைக் காக்க அது போதும், சுவருக்குள் வைக்க ஆகாது.