நரைக்கு மருதோன்றி: நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பவற்றில் எது தேறும்?

பெருநாள் நெருங்கினால் காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மருதோன்றிப் பக்கட்டுகள் கடை வாசலுக்கே வந்துவிடும். மற்ற நாட்களில் பேன்சிக் கடையின் உள்தட்டிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கேட்டு வாங்க வேண்டும். "தலைக்குப் போட" என்று சொன்னால் கடைக்காரர் மூன்று நான்கு வகையை எடுத்து வைப்பார். எல்லாவற்றின் முகப்பிலும் பச்சை இலைப் படம்தான். உள்ளே இருப்பது மட்டும் ஒன்றல்ல.

மருதோன்றி இலைக்குத் தெரிந்த நிறம் ஒன்றே ஒன்று. நரைமுடியில் அது செம்மஞ்சளாக ஏறி, இரண்டு மூன்று நாளில் செம்பு நிறத்துக்கு முதிரும். கருமுடியில் வெயில் பட்டால் மட்டும் தெரியும் ஒரு செம்மை, அவ்வளவுதான். பக்கட்டில் கறுப்பு, கடும் கபிலம், பேர்கண்டி என்று போட்டிருந்தால் இலையோடு வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. அந்த வேறு ஏதோ இன்னொரு இலையா, இரசாயனமா என்று பார்த்த பிறகுதான் விலையைக் கேட்க வேண்டும்.

முதலில் சுத்தமான இலைத்தூள். இங்கு வருவதில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. அங்கே மருதோன்றிக்குப் பேர்போன இடம் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத். நல்ல பக்கட்டின் பின்பக்கத்தில் மருதோன்றியின் தாவரவியல் பெயரான லோசோனியா இனர்மிஸ் என்ற ஒற்றைப் பெயர்தான் இருக்கும். பெயரை மட்டும் நம்பாமல் வீட்டிலும் சோதிக்கலாம். பிரித்ததும் காய்ந்த வைக்கோல் வாசம் வர வேண்டும். வாசனைத் திரவிய நெடியோ மருந்து நெடியோ வந்தால் அது வேறு சரக்கு. நிறம் மங்கிய பச்சையாக இருக்க வேண்டும். பச்சைப் பட்டாணி போலப் பளீரென்று இருந்தால் சாயம் கலந்திருக்கிறார்கள். மண் நிறத்துக்குப் போயிருந்தால் பழசு, நிறம் பாதிதான் பிடிக்கும். ஒரு தேக்கரண்டித் தூளைக் கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் விட்டால் அடியில் மணல் தனியாகத் தங்கும். ஓரிரு மணிகள் எல்லாத் தூளிலும் உண்டு. விரலால் தடவும்போது நறநறவென்று ஒரு படலமே இருந்தால் அந்தப் பக்கட்டை மறுபடி வாங்க வேண்டாம். மணல் தலைத்தோலை உராயும், கழுவும்போது போகவும் போகாது. நல்ல தூளையும் மா அரிக்கும் அரிதட்டில் ஒருதரம் அரித்துவிட்டுக் கரைப்பது நல்லது.

கரைக்கும் இடத்தில்தான் நம் ஊரில் அதிகம் பிழை விடுகிறார்கள். பிழையின் பெயர் தயிர். மட்டக்களப்புச் சட்டித் தயிருக்கு ஈடு இல்லைதான். ஆனால் நரையை மறைக்கும் களியில் அதற்கு வேலை இல்லை. இலையிலிருந்து வரும் லோசோன் என்ற சாயம் முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டித்தான் நிறம் கொடுக்கிறது. தயிரிலும் முட்டையிலும் இருப்பதும் புரதமே. சாயம் முதலில் அதைப் பிடித்துக்கொள்ளும், மிஞ்சியதுதான் முடிக்கு வரும். அரைக் கோப்பைத் தயிர் ஊற்றிவிட்டு "பக்கட் சரியில்லை, நரை மஞ்சளாகத்தான் வந்தது" என்று கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. முடி மிருதுவாக வேண்டும், நிறம் வேண்டாம் என்பவர் தாராளமாகத் தயிர் சேர்க்கலாம். எண்ணெய்க்கும் இதே கதைதான்: களியில் தேங்காய் எண்ணெய் கலந்தால் முடிக்கும் சாயத்துக்கும் நடுவில் அது போய் நிற்கும்.

நிறத்துக்காகப் போடுவதென்றால் 100 கிராம் தூளுக்கு 250 முதல் 300 மில்லிலீற்றர் வரை தண்ணீர், 2 மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி போதும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். கட்டி உடைத்து உடைத்துச் சேர்த்து, கரண்டியைச் சரித்தால் மெல்ல வழுகி விழும் கட்டித் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். தோசை மா போல ஓடினால் கழுத்தில் வடியும். பிட்டுக்குக் குழைத்த மா போல உதிர்ந்தால் முடியில் நிற்காது. புளிப்பு சாயத்தை மெதுவாக வெளிவிட்டு, கெட்டுப்போகாமலும் காக்கும். அதற்காக நான்கைந்து தேசிக்காய் பிழிந்தால் முடி வைக்கோலாகும், தலைத்தோலும் எரியும். தண்ணீருக்குப் பதில் ஆறிய தேயிலைச் சாயம் ஊற்றுவதில் கெடுதல் இல்லை. இரும்புச் சட்டியில் கரைத்தால் களி கறுத்துப்போவதைப் பார்த்து முடியும் கறுக்கும் என்று நினைக்கிறார்கள். இலையிலும் தேயிலையிலும் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பதுதான் அது. நிறம் ஒரு படி ஆழமாகலாம், செம்பு கறுப்பாகாது. பீங்கானோ பிளாஸ்திக்கோ போதும்.

கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவரானால் அதில் கரைக்கவும் வேண்டாம், கடைசி அலசலுக்கும் வேண்டாம். சவர்க்காரம் நுரைக்காத தண்ணீரில் களியும் இலகுவில் போகாது. முடி சொரசொரத்து நிற்கும், பழி மருதோன்றிக்கு வரும். குழாய்த் தண்ணீர் ஒரு வாளி பிடித்து வைத்தால் இந்தச் சோலி இல்லை.

பக்கட்டில் "இரவு முழுக்க ஊறவிடுங்கள்" என்று எழுதியிருப்பது குளிர்ப் பிரதேசத்துக்கான கணக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் வீட்டுக் குசினியிலேயே மூன்று நான்கு மணித்தியாலத்தில் சாயம் வெளிவந்துவிடும். மார்கழி மழைக்கு ஆறு, எட்டு மணித்தியாலம் பிடிக்கலாம். கடிகாரத்தைவிட உள்ளங்கை நம்பகமானது. ஒரு பொட்டுக் களியை வைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்தால் செம்மஞ்சள் தடம் இருக்க வேண்டும். மேற்பரப்பு கபிலமாகி, கரண்டியால் கிளறும்போது உள்ளே பச்சையாக இருப்பதும் சரியான அடையாளம். கச்சான் வெக்கையில் ஒரு முழுநாள் மறந்துவிட்ட களி வீரியம் இழந்திருக்கும். அதை எத்தனை மணித்தியாலம் தலையில் சுமந்தாலும் நரை வெளிறிய மஞ்சளோடுதான் நிற்கும்.

மருதமுனையில் கைத்தறி நூலுக்குச் சாயம் போடுகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: பசை போகக் கழுவாத நூலில் சாயம் ஏறாது. முடியும் அப்படித்தான். முதல்நாள் எண்ணெய் வைத்துக் கட்டிய தலையில் அப்படியே பூசக் கூடாது. ஷாம்பூ போட்டுக் கழுவி, கொண்டிஷனர் போடாமல், ஈரம் உலர்ந்த பின் தொடங்க வேண்டும். தோள்வரை முடிக்கு 100 முதல் 150 கிராம், இடுப்புவரை என்றால் 250 கிராமுக்குக் குறையாது, நரைத்த வேர்களுக்கு மட்டும் என்றால் 50 கிராம். களியில் கஞ்சத்தனம் பிடித்தால் நரை திட்டுத்திட்டாகத் தெரியும். நெற்றியோரமும் காதோரமும் நரை முரடு. அங்கே முதலில் பூசினால் கூடுதல் நேரம் கிடைக்கும். பிறகு பின்னந்தலையிலிருந்து விரல் அகலத்துக்கு வகிடு எடுத்து, வேரில் அப்பி நுனிக்கு இழுத்துக்கொண்டு வரலாம். நெற்றித் தோலிலும் காதிலும் வாசலின் தடவினால் கறை பிடிக்காது, முடியில் மட்டும் அது படக் கூடாது. கையுறை இல்லாவிட்டால் பத்து நாளைக்கு உள்ளங்கையே சாட்சி சொல்லும்.

பூசியதும் சொப்பிங் பேக்கால் தலையை மூடிக் கட்ட வேண்டும். காய்ந்த களியிலிருந்து சாயம் முடிக்குள் போகாது. பீனிசக்காரர் பயப்படும் அந்தக் குளிர்ச்சியும் மூடினால் குறையும். நரைக்கு மூன்று மணித்தியாலம், மிருதுவுக்கு மட்டும் என்றால் ஒன்று. கழுவும்போது குழாயின் கீழ் நின்று தேய்ப்பதைவிட, வாளித் தண்ணீரில் தலையை முக்கி விரலால் அளைந்துவிட்டால் களி தானாக இளகும். இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி, மிச்சத்தைக் கொண்டிஷனர் போட்டு வழித்து எடுக்கலாம். ஷாம்பூ இரண்டு நாள் கழித்துத்தான்.

அன்று கண்ணாடியில் நரை கரட் நிறத்தில் பளிச்சென்று நிற்கும். இதைப் பார்த்து மிரண்டு மறுநாளே டை வாங்கப் போகிறவர்கள் ஏராளம். சாயம் காற்றுப் பட்டு முதிர 48 முதல் 72 மணித்தியாலம் வேண்டும். கலியாணம் சனிக்கிழமை என்றால் செவ்வாய் அல்லது புதனுக்குள் போட்டுவிட வேண்டும். தலையணைக்குப் பழைய உறை.

கொண்டிஷனராக இதன் தரம் என்ன? முதல் கழுவலில் முடி கரடுமுரடாகத்தான் இருக்கும். இலையின் துவர்ப்பு அப்படி. ஓரிரு நாளில் எண்ணெய் வைத்த பின் தடிப்பும் மினுக்கமும் தெரியும். மெல்லிய முடிக்கும் எண்ணெய் வழியும் தலைக்கும் பொருந்தும். ஏற்கனவே வறண்ட, சுருள் முடிக்கு அடிக்கடி போட்டால் இன்னும் வறளும், சுருளும் சற்றுத் தளரும். மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தேவையில்லை. இந்தச் சாயம் கழுவக் கழுவப் போவதில்லை, ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும். ஒவ்வொரு முறையும் நுனிவரை பூசினால் வருடக் கடைசியில் வேர் செம்பாகவும் நுனி கருஞ்சிவப்பாகவும் இரண்டு தலை போல நிற்கும். இரண்டாம் தடவையிலிருந்து வேருக்கு மட்டும் போட வேண்டும்.

வேலியோர மருதோன்றியைப் பறித்து அம்மியில் அரைப்பது கைக்கு அருமை. தலைக்கு என்றால் திப்பி முடியில் சிக்கி ஒரு வாரம் உதிரும். நிறமும் திட்டாக வரும். மிருதுவுக்குத் துணியில் வடித்த சாறு சரி. நரைக்கு இலையை நிழலில் காயவைத்து இடித்து, மெல்லிய துணியில் சலித்து எடுத்தால் கடைச் சரக்கோடு போட்டி போடும். வெயிலில் காயவைத்தால் சாயம் குறையும்.

இனி "கறுப்பு மருதோன்றி". அரை மணித்தியாலத்தில் கன்னங்கறுப்பு என்று சொல்லும் சிறு பக்கட்டுகளைத்தான் கடையில் முதலில் நீட்டுவார்கள். அந்த வேகம் இலைக்குக் கிடையாது. பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் பாரா ஃபினைலீன் டையமின் அல்லது பிபிடி என்று இருக்கும். அது சாதாரண ஹெயார் டை. மருதோன்றி பெயருக்கு ஒரு பிடி. டை என்று தெரிந்து வாங்கினால் அது அவரவர் விருப்பம். இலை என்று நம்பி, சோதிக்காமல், டைக்கு ஒவ்வாமை உள்ளவர் தலையில் வைப்பதுதான் ஆபத்து. கண்ணிமை வீங்கும், காதோரம் கொப்புளித்து நீர் வடியும். மூச்சு முட்டினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒருதரம் ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த தரம் கூடுதலாகத்தான் வரும். ஆகவே எந்தப் பக்கட்டானாலும் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 48 மணித்தியாலம் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு. உட்பொருள் பட்டியலே இல்லாத பக்கட்டுக்கு எங்கள் மதிப்பெண் பூச்சியம்.

உலோக உப்பு கலந்த தூள்களும் உண்டு. அவற்றைப் போட்ட முடியில் பிறகு சலூனில் முடியை வெளிறச் செய்யும் பெரொக்சைட் பட்டால் முடி சூடாகிப் பச்சையடித்து அறுந்துபோகலாம். பழைய பக்கட்டில் சந்தேகம் இருந்தால் சீப்பில் வந்த முடியை 6 வீதப் பெரொக்சைட்டில் சில துளி அமோனியா விட்டு அரை மணித்தியாலம் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். சூடேறினாலோ நுரைத்தாலோ பெரொக்சைட் வேலை எதுவும் வேண்டாம்.

கைக்கு வைக்கும் கோனைப் பிதுக்கித் தலைக்குப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். சில நிமிடத்தில் சிவக்கும் என்று விற்கும் கோனில் இலை அல்லாத சாயம் இருக்கும். இயற்கைக் களி சாதாரண வெப்பத்தில் மாதக்கணக்கில் கடைத்தட்டில் இருந்தால் வீரியமே இருக்காது. ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சுத்தமான மருதோன்றியே ஆகாது: இரத்தச் சிவப்பணு சிதையலாம். கைக்குழந்தைக்கு எந்த வகையும் வைக்க வேண்டாம்.

டை இல்லாமல் கறுப்பு வேண்டும் என்றால் வழி ஒன்றுதான்: நீலச் சாயம் தரும் அவுரி இலை. எங்கள் பார்வையில் மருதோன்றியோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது இந்த இலைத்தூள் மட்டுமே. பேன்சிக் கடையில் அபூர்வம், நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும். நல்ல தூள் பச்சையாக, உறையவைத்த பட்டாணி வாசத்தோடு இருக்கும். முதலில் மேலே சொன்னபடி மருதோன்றி போட்டுக் கழுவி, அதே நாளோ மறுநாளோ அவுரி. இதற்குப் புளி ஆகாது, ஊறவைக்கவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்துக் கரைத்து, 10 முதல் 15 நிமிடத்தில் களியின் மேல் நீலம் படரும்போது பூசிவிட வேண்டும். ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் போதும். கழுவியதும் பச்சை கலந்து தெரிந்தால் பதற வேண்டாம். ஓரிரு நாளில் கறுக்கும். கபிலம் போதும் என்றால், ஊறிய மருதோன்றிக் களியோடு புதிதாகக் கரைத்த அவுரியைச் சரிபாதி கலந்து ஒரே தடவையில் பூசலாம். நேரடியாக நரையில் அவுரி மட்டும் போட்டால் நீலம் அடித்து, கழுவ மங்கும். அவுரி ஏறிய முடியைப் பிறகு வெளிறச் செய்யப் போனால் பச்சையாகும். மனம் மாறுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

மிஞ்சிய மருதோன்றிக் களியைச் சிறு பைகளில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த மாத வேருக்கு உதவும். ஒருதரம் இளகவிட்டதை மறுபடி உறையவைக்க வேண்டாம். அவுரி மிஞ்சினால் வைத்துப் பயனில்லை, பூமரத்தடியில் ஊற்றிவிட வேண்டியதுதான்.