கம்பியில் கெட்டிக்காரர்கள், பிசினில் அவசரக்காரர்கள்

காதுக்குப் பின்னால் பொருத்தும் ஒரு சிறு கருவிக்குப் பெருக்கி போர்டு வடிவமைக்கிறேன். உறையிட்ட சிப்புக்கு அதில் இடமே கிடையாது. அதனால் வெற்றுச் சிப்பை நேரே போர்டில் ஒட்டி, கம்பியால் இணைத்து, மேலே கருப்புப் பிசின் ஊற்றித் தரும் ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்.

கோப்புகளை அனுப்பியதும் விலைக்கு முன்னால் கேள்விகள்தான் வந்தன. போர்டின் மேற்பூச்சு என்ன? சிப்பின் அடிப்பரப்புக்கு மின்தொடர்பு வேண்டுமா? மற்ற உதிரிபாகங்களைப் பற்றவைப்பது முன்பா, பின்பா? இவற்றைக் கேட்காத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. அடிப்பரப்பு மின்சாரம் கடத்த வேண்டுமென்றால் வெள்ளித் துகள் கலந்த எபாக்சிப் பசையால் ஒட்ட வேண்டும். பற்றவைப்புக்கு உதவும் ஃப்ளக்ஸ் என்ற வேதிப்பொருள் தெறித்து, கம்பி ஒட்டும் உலோகத் திட்டான பேடின் மேல் லேசாகப் படிந்தாலே கம்பி சரியாகப் பிடிக்காது. அதனால் பற்றவைப்பை முடித்து, போர்டை பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற வாயுவில்) சுத்தம் செய்த பிறகே சிப்பைத் தொட்டார்கள்.

தங்கக் கம்பி போட முடியுமா என்று கேட்டேன். காரணத்தோடு மறுத்தார்கள். தங்கக் கம்பியை ஒட்டப் போர்டை ஏறக்குறைய 150 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். போர்டுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் கண்ணாடியிழைப் பலகையான சாதாரண எஃப்ஆர்-4 130, 140 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். என் போர்டில் நிக்கலின் மேல் இருக்கும் மெல்லிய தங்கப் பூச்சும் அதற்குப் போதாது. அலுமினியக் கம்பிக்கு அறை வெப்பமே போதும். மீயொலி அதிர்வும் அழுத்தமும் சேர்ந்து ஒட்டிவிடும். வந்த வேலையை மறுத்துச் சரியான வழியைச் சொல்லும் நேர்மைக்காகவே இவர்களை எனக்குப் பிடித்துப்போனது.

நுண்ணோக்கியில் பார்த்தபோது வேலை கண்ணுக்கு அழகாக இருந்தது. கம்பியின் தடிமன் 25 மைக்ரான், தலைமுடியில் பாதிகூட இல்லை. எல்லா வளைவுகளும் ஒரே உயரம். கம்பி பேடை விட்டு மேலெழும் குதிகாலில்தான் வழக்கமாக விரிசல் விடும். அங்கேயும் ஒரு கீறல் இல்லை. மாதிரிப் போர்டுகளில் கம்பியைக் கொக்கியால் இழுத்து அறுத்துப் பார்த்த அறிக்கையும் வந்தது. இந்தத் தடிமன் அலுமினியக் கம்பிக்கு, மூடுவதற்கு முன் குறைந்தது 2.5 கிராம் விசை தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்க ராணுவத் தரமான மில்-எஸ்டிடி-883. இவர்களுடையவை எல்லாம் 7 கிராமுக்கு மேல் தாங்கின. எந்த இடத்தில் அறுந்தது என்றும் குறித்திருந்தார்கள். எதுவும் பேடிலிருந்து பெயரவில்லை, கம்பிதான் அறுந்தது. எண்ணைவிட எனக்கு அந்தக் குறிப்பே முக்கியம்.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது பிசின். சில போர்டுகளில் மேசை விளக்கைப் போட்டதும் வெளியீட்டு மின்னழுத்தம் நகர்ந்தது, கையால் மறைத்தால் பழைய இடத்துக்குத் திரும்பியது. சிலிக்கானில் ஒளி பட்டால் மின்னோட்டம் பிறக்கும்; கருப்புப் பிசின் ஊற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். உருப்பெருக்கியில் பார்த்தேன்: சிப்பின் ஒரு மூலையில் பிசின் மெலிந்து, விளிம்பு பளபளத்தது. சுற்றிலும் போட்ட அணைக்கட்டுப் பிசின் தாழ்வாக இருந்ததால் நடுவில் ஊற்றியது ஒரு பக்கம் வழிந்துவிட்டது.

இறுகிய பிசினைப் பெயர்த்தால் கம்பியும் கூடவே வந்துவிடும். ஆகவே மேலே இன்னொரு பூச்சுப் பூசி, மறுபடி சூடேற்றி இறுக்கி, கட்டணம் வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள். இப்போது விளக்கடியிலும் வெளியீடு அசைவதில்லை. ஆனால் அனுப்புமுன் ஒளிச் சோதனை செய்வதாக எழுத்தில் உறுதி கேட்டேன், அதற்கு இன்னும் பதில் இல்லை. அது வந்ததும் அடுத்த தொகுதியும் இவர்களுக்குத்தான்.