போர்ட்டிக்கோத் தூணுக்குக் கால் மாற்றிய கதை: ஒரு சீமெந்துக் கடை, ஒரு வெல்டிங் பட்டறை

எங்கள் வீட்டு போர்ட்டிக்கோவைத் தாங்குவது நான்கு இரும்புத் தூண்கள். அதில் கடல்பக்கம் நிற்கிற இரண்டுக்கும் அடி துருவேறி, விரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு வந்துவிட்டது. போன மழைக்குப் பிறகு அம்மா, அதன் கீழே காரை விடவே கூடாது என்று சொல்லிவிட்டார். சரி என்று தேடத் தொடங்கி, முதலில் ஒரு கடையில் காசைத் தொலைத்தேன், பிறகு இன்னோர் இடத்தில் வேலையை முடித்துக்கொண்டேன். இரண்டையும் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. முதலாவது கடைக்கு ஏன் போடவில்லை என்பது வாசிக்கும்போது தெரியும். இரண்டாவது பட்டறைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தூண் விளங்காது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை. அம்மப்பா 1962இல் கட்டினார். ஒழுங்கையில் அந்தக் காலத்து வீடு என்று மிஞ்சியிருப்பது எங்களோடு சேர்த்து இரண்டுதான், மற்றதெல்லாம் அடுக்குமாடி. அப்போது ‘அமெரிக்கன் ஸ்டைல்’ என்று சொல்லிக் கட்டிய வகை: தட்டையான போர்ட்டிக்கோ, அகலமான ஜன்னல், சிவப்புச் சீமெந்துத் தரை, ஒரு பக்கச் சுவரில் காற்றுப் போக ஓட்டைக் கற்கள். போர்ட்டிக்கோவின் கொங்கிரீட் பிளேட் ஐந்து அங்குலத் தடிப்புத்தான். அதைத் தாங்குவது மூன்று அங்குல இரும்புப் பைப். அதுவும் நேராக நிற்காமல், இரண்டிரண்டு சோடியாக அடியில் சேர்ந்து மேலே விரிந்து, ஆங்கில ‘வி’ எழுத்துப்போல நிற்கும். அந்த இடைவெளிக்குள் பட்டைக் கம்பியை வளைத்துச் சுருள் சுருளாக ஒரு கொடி, தகரத்தில் வெட்டிய இலைகள். சின்ன வயதில் அந்தச் சுருளுக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன், அது வேறு கதை.

முதலில் போனது ஹைலெவல் வீதிப் பக்கம் ஒரு சீமெந்துத் தூண் கடைக்கு. முன்னால் வரிசையாக ரோமத் தூண், தாமரைத் தூண், சிங்கத் தலைத் தூண், எல்லாம் வெள்ளை. புதிதாகத் தூண் கட்டத் தேவையில்லை, இருக்கிற தூணுக்கு மேலேயே ‘உறை’ போடலாம் என்றார்கள். நார் கலந்த சீமெந்தில் இரண்டு அரைவட்ட ஓடுகளை வார்த்து, பழைய தூணை நடுவில் வைத்து மூடி, பொருத்தைப் பசையால் ஒட்டி, மேலே பெயின்ட். ஒன்றுக்கு 32,000 ரூபா, பொருத்துக் கூலியோடு. என் தூண்கள் சாய்ந்தவை என்று சொன்னேன். அதனால் என்ன மிஸ், சாய்வாகவே போடலாம் என்று போனில் ஒரு படம் கீறிக் காட்டினார் அந்தப் பெடியன். நான்கு ரோமத் தூண்கள் பீசா கோபுரம்போல ஆளுக்கொரு பக்கம் சரிந்து நிற்கின்றன! அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாதிரிக்கு ஒன்று பார்ப்போம் என்று 20,000 முற்பணம் கட்டினேன்.

மாதிரி வந்தது. இரண்டு பாதியும் கால் அங்குலம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தாமரை இதழ் ஒரு பாதியில் ஓரிடத்தில் முடிய, மற்றப் பாதியில் இன்னோரிடத்தில் தொடங்குகிறது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “உனக்கென்ன விசரே? இது கலியாண மண்டபமே?” என்றார். பொருத்தைப் புட்டியால் நிரப்பிவிடலாம் என்று கடையில் சொன்னார்கள். முற்பணத்தைக் கேட்டால், ஓடர் கொடுத்துச் செய்த சாமான், திருப்பித் தர முடியாதாம்.

தாமரை இதழை விடுங்கள், எனக்குப் பயம் வேறு. ஏற்கெனவே துருப்பிடித்த பைப்புக்கு மேலே உறையை மூடினால், உப்புக் காற்றும் ஈரமும் உள்ளேயே தங்கும். தண்ணீர் எப்படியாவது மேலிருந்து இறங்கும், வெளியேற வழி இருக்காது. வெளியில் வெள்ளை வெளேரென்று தூண் நிற்கும், உள்ளே பைப் கரைந்துகொண்டிருக்கும், ஒரு நாள் பிளேட் இறங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். கடற்கரையிலிருந்து இருநூறு மீட்டருக்குள் வீடு இருப்பவர்கள் இந்தச் சாமானின் பக்கமே போகாதீர்கள். உள்நாட்டில், புதிதாகக் கட்டுகிற, உயரமான முகப்பு உள்ள வீட்டுக்கு என்றால் அவர்களுடைய நேர்த் தூண்கள் பரவாயில்லை, வார்ப்பு மழமழவென்றுதான் இருந்தது.

ஆனால் 1950, 60களின் வீட்டுக்கு அது ஏன் பொருந்தவே பொருந்தாது என்பதை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐரோப்பியப் பழைய கணக்கில் டொரிக் என்கிற வகைத் தூணின் உயரம் அதன் குறுக்களவைப்போல் எட்டு மடங்கு, அயோனிக் வகைக்கு ஒன்பது, கொரிந்தியன் வகைக்குப் பத்து. எங்கள் தூண் ஒன்பது அடி, கடைக்காரரின் உறை பன்னிரண்டு அங்குலம், ஆக ஒன்பது மடங்கு, கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் தூணுக்கு மேலே உத்தரமும் விளிம்பும் சேர்ந்து தூணின் உயரத்தில் கால் பங்கு வர வேண்டும். அதாவது இரண்டேகால் அடி. எங்கள் வீட்டில் மேலே இருப்பது ஐந்து அங்குலப் பிளேட். சைக்கிளுக்குத் தேர்ச் சில்லுப் பூட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். அம்மப்பாவின் மூன்று அங்குலப் பைப்போ உயரத்தில் முப்பத்தாறு மடங்கு. இவ்வளவு மெல்லிசான கால் இவ்வளவு பெரிய பிளேட்டைத் தூக்குகிறதே என்று பார்க்கிறவர் ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள். சுவர் தாங்க வேண்டிய பாரத்தை இரும்பும் கம்பிபோட்ட கொங்கிரீட்டும் ஏற்றுக்கொண்டபின் தூண் மெலியத் தொடங்கிவிட்டது. 1920களில் கட்டடக் கலைஞர் லு கொர்பூசியே வீட்டையே மெல்லிய தூண்கள்மேல் தூக்கி நிறுத்தினார். எங்கள் ஊரில் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸில் கட்டிய பீரிஸ் வீடும் தூண்கள்மேல்தான் நின்றது.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினை இருப்பதைப் பார்த்துச் சிரித்தேன். கலிபோர்னியாவில் ஐக்லர் என்கிற வீடு கட்டுபவர் 1949 முதல் 1966 வரை சுமார் 11,000 வீடுகள் கட்டினார், பல வீடுகளில் தூணும் உத்தரமும் மறைக்காமல் அப்படியே தெரியும், அலங்காரம் என்று ஒன்றும் இல்லை. அதே காலத்துச் சாதாரண ஒற்றைமாடி வீடுகளில் வாசல் கூரையைத் தாங்க எங்கள் வீட்டைப்போலவே சுருளும் இலையும் வைத்த இரும்புத் தூண்கள். இப்போது வாங்குகிறவர்கள் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பருத்த மரப்பெட்டித் தூண் வைக்கிறார்கள், வீடு குட்டையாகிப்போகிறது. சுருள் வேண்டுமா வேண்டாமா என்று அங்கேயும் சண்டை. என் கட்சி: வீடு கட்டிய நாளில் சுருள் இருந்தால் சுருள் இருக்கட்டும், இல்லாத வீட்டில் போய்ப் புதிதாக ஒட்ட வேண்டாம்.

இதற்கிடையில், பருத்த தூண் என்றாலே பிழை என்று முடிவு கட்டிவிடக் கூடாதென்று கொழும்பு 3 பக்கம் ஒரு சுற்றுப் போனேன். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் 11ஆம் இலக்க வீட்டில் செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்கள் நிற்கின்றன, முன்பதிவு செய்துகொண்டு போய்ப் பார்க்கலாம். செட்டியார் தெருவுக்கு நகை வாங்கப் போகிற எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. அல்பிரட் ஹவுஸ் வீதியில் அவருடைய பழைய அலுவலகம் இப்போது கேலரி கஃபே. அங்கே மினுக்கிய தென்னந்தூண்கள், அடியில் கருங்கல். கோப்பி குடித்த நேரத்தைவிட அந்தக் கல்லைப் பார்த்த நேரம்தான் கூட. மரம் தரையைத் தொடவில்லை, கல் தொடுகிறது, ஈரம் கல்லோடு நின்றுவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் நாற்சார் வீட்டிலும் (நடுவே முற்றம் உள்ள வீடு) தூணுக்கு அடியில் கல்தான். எங்கள் போர்ட்டிக்கோவின் பிழை எனக்கு அங்கேதான் பிடிபட்டது: பைப்பை நேரே சீமெந்துத் தரைக்குள் புதைத்திருந்தார்கள். அறுபது வருட மழைத்தண்ணீரும், அம்மா தரை கழுவிய தண்ணீரும் பைப்பைச் சுற்றிய அந்த வளையத்தில்தான் நின்றிருக்கிறது.

சரி, பட்டறைக்கு வருவோம். தெமட்டகொடையில், தகரக் கூரை, வாசலில் அரைகுறை கேட்டுகள் சாத்தியிருக்கும். நடத்துகிறவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் நானா. வீட்டுக்கு வந்து, தூணைச் சுத்தியலால் அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போனார். ஒன்றரை அடி வரைக்கும் மொத்தைச் சத்தம், அதற்கு மேல் டிங் டிங் என்று மணிபோல. “தங்கச்சி, இத கழட்ட வாணாம். மேல நல்லா ஈக்கிது. காலு மட்டும்தான் போயிருக்கு” என்றார். நான்கு தூணையும் புதிதாக்கிப் பெரிய பில் போட்டிருக்கலாம், நானும் தலையாட்டியிருப்பேன். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு முக்கால்வாசிப் புள்ளியைக் கொடுத்துவிட்டேன்.

வேலை இப்படி நடந்தது. முதலில் பிளேட்டுக்குக் கீழே இரும்பு ஜாக் நான்கு, மேலே பலகை வைத்து முறுக்கிப் பாரத்தை ஏற்றிக்கொண்டார்கள். ‘வி’ தூணில் ஒரு காலை வெட்டினால் மற்றக் கால் தனியே நிற்காது, அதனால் ஜாக் இல்லாமல் வெட்டுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிறகு கெட்டுப்போன ஒன்றரை அடியை அறுத்து, உள்ளே சற்றுச் சின்னப் பைப் ஒன்றை நுழைத்து, அதன்மேல் புதிய துண்டைப் பொருத்திச் சுற்றிவர வெல்டிங். அடியில் ஆறு அங்குலச் சதுரத் தகடு, நான்கு போல்ட். தரைக்கு மேல் இரண்டு அங்குலம் சீமெந்து மேடை கட்டி, தண்ணீர் வடிய நாலாபக்கமும் சரிவு. பைப்பின் அடியில் சின்ன ஓட்டை, உள்ளே ஈரம் சேர்ந்தால் சொட்டட்டும் என்று. புதிய துண்டு நாகம் பூசிய பைப். வெல்டிங் சூட்டில் அந்தப் பூச்சு எரிந்துபோகும், எரிந்த இடத்துக்கு மறக்காமல் நாகப் பெயின்ட் அடித்தார்கள். பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு சரியாக அந்தப் பொருத்திலேயே துரு தொடங்கும்.

சுருள்தான் எனக்குப் பிடித்த பகுதி. உடைந்துபோன மூன்று சுருளுக்கு, நல்ல ஒன்றைக் கடதாசியில் வைத்து அச்செடுத்து, பலகையில் ஆணி அடித்து அந்த வளைவை உண்டாக்கி, பட்டைக் கம்பியைச் சூடாக்காமலே அதைச் சுற்றி வளைத்தார் நானாவின் மருமகன். இலைகளைத் தகரத்தில் வெட்டி, நடு நரம்பை உளியால் தட்டி எடுத்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் புதியது எது என்று எனக்குத் தெரிகிறது, தெருவிலிருந்து யாருக்கும் தெரியாது.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்றார்கள், இருபத்து மூன்று நாள் ஆயிற்று. அவ்வளவு நாளும் ஜாக்குக்குள் குனிந்து குனிந்துதான் வீட்டுக்குள் போனோம். பழைய பெயின்டை ஒரு பெடியன் மிஷினால் உலர உலரத் தேய்க்கத் தொடங்கினான். 1960களின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், தூசி வீடு முழுக்கப் பரவும் என்று நிறுத்தி, பெயின்ட் உரிக்கும் திரவம் வாங்கிக் கொடுத்தேன், அது என் கைக்காசு. கடைசிப் பூச்சு இரண்டு இடத்தில் வடிந்து காய்ந்திருக்கிறது. ஒரு காலின் சரிவு மற்றதைவிடக் கொஞ்சம் கூட. அளந்து பார்த்தால் அரை அங்குலம்தான், ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது, இனித் தெரியாமல் இருக்காது. பில் எழுதித் தரச் சொன்னால் ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தந்தார்.

மொத்தம் 1,15,000 ரூபா, பெயின்டோடு, ஜாக் வாடகையோடு. உறைக்காரர் கேட்டது நான்குக்கும் 1,28,000, அதில் இரும்புக்கு எந்த வைத்தியமும் இல்லை. அவசரமாக முடிக்க வேண்டியவர்கள், அச்சடித்த பில்லும் உத்தரவாதமும் கேட்கிறவர்கள் நானாவிடம் போக வேண்டாம், சண்டைதான் வரும். பழைய தூணைத் தட்டிப் பார்த்து, இருப்பதை வைத்துக்கொண்டு செய்ய ஆள் வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் போகாதீர்கள், பட்டறை பூட்டியிருக்கும். கடலுக்குக் கிட்ட என்றால் வருடத்துக்கு ஒரு தடவை அடித்தகட்டைச் சுரண்டிப் பார்த்துப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். அம்மா அதைக் கலண்டரில் குறித்துவைத்திருக்கிறார். சீமெந்துக் கடையின் அந்த ஒற்றை மாதிரி, இரண்டு பாதியும் பிரிந்து, பின்வளவில் கிடக்கிறது. ஒரு பாதிக்குள் மண் போட்டுக் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறோம், அது நன்றாகத்தான் வளர்கிறது.